ஃபியூஸுக்குப் பேறுகாலம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு லாண்டரி அக்கா என்று பெயர். அவளைவிட மூத்த நர்சுகள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கி வரும் விரிப்புகளைப் பிரித்து, ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீருக்கும் மற்றதைக் கொதிதண்ணீருக்கும் அனுப்பி, உலர்ந்ததை உருளை இஸ்திரியில் விட்டு எடுத்து, எட்டாக மடித்து அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அவள் மடித்ததை அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் ஓரம் பிசகியிருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கூடத்தில் எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருக்கிறது. உயிர் போன படுக்கையின் துணி காத்திருக்கக் கூடாது. மற்ற மூட்டைகள் வரிசையில் கிடக்கலாம். அது மட்டும் வந்த ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரில் விழ வேண்டும். ஏன் என்று அவள் கேட்டதில்லை. முன்னால் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், அவளும் செய்கிறாள்.

அவள் வீட்டுக்காரர் போன அன்றைக்கும் அதைத்தான் செய்தாள்.

அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மிக்சி மோட்டாரிலிருந்து கிணற்று மோட்டார் வரை எரிந்து போன எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் செம்புக்கம்பியைப் பிரித்துச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்து, ஓட வைத்துவிடுவார். பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு காலை பதினொரு மணிக்குச் சாய்ந்தார். அக்கா வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். அடித்தளத்திலிருந்து அவள் மேலே ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர்மேல் போர்த்தியிருந்தது அவள் முந்தின நாள் மடித்த விரிப்பு. மடிப்பு விழுந்த கோடுகள் இன்னும் தெரிந்தன.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். ஐந்து மணிக்குள் அவருடைய பதினோரு சட்டை, ஆறு பேன்ட், துண்டு, போர்வை, தலையணை உறை, குளிருக்குப் போடும் தொப்பி, கைக்குட்டை வரைக்கும் எல்லாம் தண்ணீரில் இருந்தன. பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத அவள் தங்கச்சி இரண்டு தெரு தள்ளியிருந்து ஓடி வந்து பார்த்தாள்.

"அக்கா, என்னக்கா பண்றே?"

"துணிதானேடி. தோச்சுப் போடறேன்."

துக்கம் கேட்க வந்தவர்கள் கொடியில் தொங்கிய ஈரச் சட்டைகளுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் உள்ளே வந்தார்கள். ஒரு பெரியவருடைய வழுக்கைத் தலையில் சட்டைக்கை சொட்டியது; துடைப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் சொட்டியது அந்தக் கொடி மட்டும்தான். அக்காவின் கண்ணில் ஒரு துளி இல்லை. "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாரேன்" என்று படியிறங்கும்போது ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர வலிக்கவில்லை.

அதுதான் விஷயம். எதுவும் வலிக்கவில்லை. எட்டாம் நாள் வேலைக்குப் போனாள். நானூறு விரிப்பு மடித்தாள். வீட்டுக்கு வந்தாள், தின்றாள், படுத்தாள். தின்றதில் உப்பிருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உருளை இஸ்திரியில் ஒருநாள் விரல் நுனி பட்டுக் கொப்பளித்தது. அதை யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன் போயிருக்கிறார், அழுகை வரவில்லை என்றால் நான் என்ன பிறவி என்று எப்போதாவது தோன்றும். தோன்றி, அதுவும் அடங்கிவிடும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு நாய் இருந்தது. பெயர் ஃபியூஸ்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் கரண்ட் போன ஒரு மழைநாளில் இருட்டில் வந்து அவர் காலில் இடித்த பெட்டைக் குட்டி. கரண்ட் வந்ததும் பார்த்தால் பழுப்பு நிறத்தில், ஒரு காது மடங்கி, எந்தச் சாதி என்று சொல்ல முடியாத உருவம். "ஃபியூஸ் போனப்போ வந்தது" என்று பெயரையும் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தினமும் ஸ்கூட்டரின் முன்பக்கம் அவர் காலுக்கு நடுவில் உட்கார்ந்து பட்டறைக்குப் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரோடு திரும்பும். அக்காவோடு அதற்கு அவ்வளவாக ஒட்டுதல் கிடையாது. அவள் தட்டில் சோறு வைப்பாள், அது வாலை இரண்டு தரம் ஆட்டும். ஒரே அலுவலகத்தில் வேறு வேறு பிரிவில் இருக்கிறவர்கள்போல் மரியாதையாக இருந்துவந்தார்கள்.

அவர் போன அந்த மூன்று நாளும் கதவு திறந்தே கிடந்தது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்க்க ஆளில்லை. நாய் எங்கே என்றும் யாரும் தேடவில்லை. நாலாம் நாள் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு மேலே வந்தார். மனைவி மகள்வீட்டில், மேஜர் என்ற கறுப்பு நாயோடு தனியாகக் குடித்தனம் செய்கிறவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மூன்று தரம் தொண்டையைச் செருமினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று அக்கா காத்திருந்தாள்.

"ஏம்மா, இந்த நேரத்துல இதைச் சொல்ல எனக்கே கூசுது. முந்தாநாள் உங்க ஃபியூஸ் கீழ வந்துச்சு. நம்ம மேஜர்... நான் தண்ணி ஊத்திப் பார்த்தேம்மா. பிரயோஜனமில்ல."

"சரி சார்" என்றாள் அக்கா.

அவர் அசடு வழிய எழுந்து போனார். தங்கச்சி மட்டும், அந்தத் துக்க வீட்டில், சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அன்றிலிருந்து அவளுக்கு அவர் சம்பந்தி ஆகிவிட்டார். நேரிலேயே கூப்பிடுவாள். அவரும் ஆரம்பத்தில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார்.

அடுத்த மாதம் நாய் டாக்டரம்மா ஃபியூஸ் வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்து மூன்று குட்டி என்றாள். சின்ன வயசுப் பெண், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"ஏழு வயசுல தலைப்பிரசவம். கொஞ்சம் பயம்தான் அம்மா. எடை கம்மி, இடுப்பும் சின்னது. வீட்டுலேயே நல்லபடியா குட்டி போட்டுட்டா நல்லது. ஆபரேஷன்னு வந்து மயக்க மருந்து குடுத்தா இது தாங்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. எப்போ சேர்ந்ததுன்னு நாள் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரர் போன மறுநாள்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு, பிறகு எழுதினாள். அதற்கப்புறம் எத்தனையாவது நாள் என்று யார் கேட்டாலும் அக்காவுக்கு ஒரே எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும்.

அவர் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான். இதையும் சாகக் கொடுத்துவிட்டு நானூறு விரிப்பு மடிக்கப் போனால், அப்புறம் தன்னை மனுஷியென்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை என்று அவளுக்குப் பட்டது. இது பாசமா என்றால் தெரியாது. பிழைக்க வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஐம்பதாம் நாளிலிருந்து ஏற்பாடு தொடங்கியது. அக்காவுக்கு ஏற்பாடு என்றால் ஆபரேஷன் தியேட்டர் ஏற்பாடுதான். சம்பந்தி ஒரு மரப்பெட்டியை அறுத்து, ஃபியூஸ் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தட்டிக்கொடுத்தார். முன்பக்கம் மட்டும் தாழ்வு. நாய் தாண்டலாம், குட்டி தாண்ட முடியாது. உள்பக்கம் சுற்றிலும் நாலு விரல் உயரத்தில் ஒரு கட்டை. தாய் திரும்பிப் படுக்கும்போது குட்டி சுவரோடு நசுங்காமல் அந்தக் கட்டைக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். ரயிலில் பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விடுவதுபோல என்று அவர் விளக்கினார். அவருக்கு எதை விளக்கினாலும் ரயில் வந்துவிடும்.

பெட்டியைப் படுக்கையறையின் மூலையில், காற்றடிக்காத இடத்தில் வைத்தாள். கிருமிநாசினி போட்டு மூன்று தரம் கழுவினாள். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கிழிந்த விரிப்புகளைக் கேட்டு வாங்கி, கொதிக்க வைத்து, வெளுப்பு போட்டு, திரும்பக் கொதிக்க வைத்து, எட்டாக மடித்து அடுக்கினாள். கத்தரிக்கோலையும் நூலையும் வேகவைத்து டப்பாவில் மூடினாள். துண்டு ஒரு டஜன். சூட்டுக்கு வெந்நீர்ப் பை. குட்டியை நிறுக்க ஒரு தராசு. ஃபியூஸின் மடியைச் சுற்றியும் வாலடியிலும் முடியை ஒட்ட வெட்டிவிட்டாள். அதுவும் பேசாமல் காட்டிக்கொண்டு நின்றது. காலை ஒருதரம், மாலை ஒருதரம் தெர்மாமீட்டர். நூற்றொன்று, நூற்றொன்றரை என்று காலண்டரின் பின்பக்கம் எழுதிவந்தாள். தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் வலி வந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

"என்னைப் பெத்தப்போ நம்ம அம்மாவுக்குக்கூட இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்திருக்காது" என்றாள் தங்கச்சி.

எல்லாம் தயார். ஃபியூஸ் மட்டும் பிடிகொடுக்கவில்லை. பெட்டிக்குள் தூக்கி விட்டால் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, விருந்துக்குப் போன வீட்டில் பாத்ரூமைத் தப்பாகத் திறந்துவிட்டவர் மாதிரி மரியாதையாக வெளியே வந்துவிடும். வந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் போகும். அந்தக் கட்டில் தாழ்வானது. சுவரோரம் போய்ப் படுத்துவிட்டால் கை எட்டாது. அங்கே போய் ஈன்றால், குட்டி சிக்கினாலும் இழுக்க முடியாது, தாய் மயங்கினாலும் தூக்க முடியாது. அக்கா ஒரு டிரங்குப் பெட்டியையும் இரண்டு சூட்கேசையும் கொண்டுவந்து அடைத்தாள். ஃபியூஸ் டிரங்குப் பெட்டியைப் பிராண்டியது. தினமும் பிராண்டியது. தகரத்தில் பெயின்ட் உரிந்து கோடு கோடாகிவிட்டது.

"பிடிவாதம்" என்றாள் அக்கா.

தங்கச்சி எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு அவள் கண் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது.

அறுபத்தொன்றாம் நாள் காலை தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டரை காட்டியது. அக்கா இரண்டாம் தரம் வைத்துப் பார்த்துவிட்டு லீவு சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் வேலைக்கு வராத நாட்களை விரல்விட்டு எண்ணலாம் என்பதால், மேற்பார்வையாளர் உடம்புக்கு என்ன என்று பதறினார். "வீட்டுல பிரசவம்" என்று சொல்லி வைத்தாள். அந்தப் பக்கம் அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ.

பகல் பன்னிரண்டுக்கு ஃபியூஸ் சோற்றைத் தொடவில்லை. ஒரு மணிக்கு நடுக்கம், மூச்சிரைப்பு. தங்கச்சி தான் வேலை செய்யும் புத்தகக் கடையில் அரைநாள் சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்தாள். சம்பந்தி மேஜரைக் கீழே கட்டிப்போட்டுவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்றாள் தங்கச்சி.

"தூங்கறான்" என்றார் அவர், ஏதோ தன்மேல் குற்றம்போல.

அக்கா பெட்டியில் விரிப்பை விரித்தாள். ஃபியூஸைத் தூக்கி உள்ளே விட்டாள். வெளியே வந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. கட்டிலோரம் வெறும் தரையில் படுத்து ஒரு முறை முக்கியது. இவர்கள் மூவரும் ஓடி வந்ததும் எழுந்துகொண்டது. முக்கல் நின்றுவிட்டது. டிரங்குப் பெட்டியைப் பிராண்டியது. இப்படியே ஒரு மணி நேரம். இடையிடையே முக்குவது, உடனே எழுந்து நடப்பது, நடுங்குவது. மூன்று மணிக்கு அதன் கண்ணில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது.

அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இடம் பிடிக்கலன்னா சில நாய் வலியையே அடக்கிக்கும் அம்மா. பெட்டியில என்ன போட்டிருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி விரிப்பு. ரெண்டு தரம் கொதிக்க வச்சது. வெளுப்பு போட்டது."

"அய்யோ. சுத்தம் சரி, ஆனா அதுக்கு அது அந்நிய இடம். வீட்டு வாசனை வேணும். நீங்க உடுத்தின துணி ஏதாவது போடுங்க. தோச்சதா இருக்கக் கூடாது. இன்னும் அரைமணி பாருங்க. அதுக்குள்ள குட்டி வரலன்னா தூக்கிட்டு வந்துடுங்க, அறுத்துத்தான் எடுக்கணும்."

அறுத்தால் இது தாங்குமா என்று அக்கா கேட்கவில்லை. பதில் முன்னமே தெரியும்.

துவைக்காத துணி. அக்கா வீட்டைச் சுற்றி வந்தாள். அந்த வீட்டில் எங்கே தேடினாலும் அப்படி ஒன்று கிடையாது. அழுக்குக் கூடை காலியாக இருந்தது. அவள் வீட்டில் அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும். தலையணை உறை நேற்றுத் துவைத்தது. கால்மிதி முந்தாநாள். உடுத்தியிருந்த நைட்டி காலையில்தான் மடிப்பு பிரித்தது. அதைக் கழற்றி, வேறொன்று மாற்றிக்கொண்டு, பெட்டியில் போட்டாள். ஃபியூஸ் முகர்ந்தது. சோப்பைத் தவிர அதில் என்ன இருக்கும்? நகர்ந்துவிட்டது. தங்கச்சி தன் துப்பட்டாவைப் போட்டாள். பவுடர் வாசனையில் நாய் தும்மியது. சம்பந்தி ஓடிப்போய் மேஜர் படுக்கும் சாக்கைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் ஃபியூஸ் அந்த நிலையிலும் பல்லைக் காட்டி உறுமியது.

"கோவம் இருக்கத்தானே செய்யும்" என்று முனகிக்கொண்டே அவர் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

கடிகாரத்தில் பத்து நிமிஷம் ஓடிவிட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து நாயின் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று புரண்டு நின்றது. வாழ்நாள் பூராவும் கறையை எடுத்த கை. இந்த வீட்டிலிருந்து எல்லாவற்றையும் அதே கைதான் எடுத்துவிட்டது. இப்போது ஒரு முழத் துணி அழுக்காக வேண்டும், அது இல்லை.

"அக்கா" என்றாள் தங்கச்சி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "அந்த டிரங்குப் பெட்டியை இழு."

"எதுக்குடி? உள்ள போச்சுன்னா பிடிக்க முடியாது."

"இழு அக்கா. சொல்றேன்."

அவளே இழுத்தாள். சூட்கேசுகளைத் தள்ளினாள். தள்ளின வேகத்தில் ஃபியூஸ் அந்தப் பெரிய வயிற்றோடு உள்ளே நுழைந்து, எதையோ பல்லால் கவ்விப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு ரெக்சின் பை. ஜிப் அறுந்தது. அதற்குள்ளிருந்து காக்கி நிறத்தில் ஒரு சட்டைக்கை வெளியே வந்து கிடந்தது.

"பட்டறைப் பை" என்றாள் தங்கச்சி. பேசப் பேச அழுதாள். "அத்தான் போய் ஒரு வாரம் கழிச்சு பட்டறையில இருந்து குடுத்தனுப்பினாங்க. நீ வேலைக்குப் போயிருந்தே. அத்தான் வேலைக்கு மாத்தி மாத்திப் போட்டுக்கிற ரெண்டு சட்டையில ஒண்ணு உள்ள இருந்துச்சு. நீ பார்த்தா அதையும் தண்ணியில போட்டுடுவே. எல்லாத்தையும்தான் தோச்சுட்டியே அக்கா. இது ஒண்ணாவது இருக்கட்டும்னு சுவரோரமா தள்ளி வச்சேன். என்னைக்காவது நீ கேப்பேன்னு பார்த்தேன். நீ எதையுமே கேக்கல."

அக்கா சட்டையை எடுத்தாள்.

எடுத்ததும் மூக்கிலேறியது வார்னிஷ். அதற்கு அடியில் செம்பு, இயந்திர எண்ணெய். அதற்கும் அடியில், கழுத்துப்பட்டையில், அவர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் முதலில் உள்ளே வரும் மனுஷ வாசனை. முப்பது வருஷமாக அவள் தினமும் திட்டிய வாசனை. "முதல்ல அதைக் கழட்டிப் போடுங்க, அப்புறம் உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் அந்தச் சட்டையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வர ஆரம்பித்திருந்தார். அதனால்தான் அது தப்பித்திருக்கிறது.

நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து முறுக்கியது. வலித்தது. அறுபத்திரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக வலித்தது. அவள் சட்டையை இரண்டு கையாலும் முகத்தோடு அழுத்திக்கொண்டாள்.

ஃபியூஸ் அவள் முன்னால் வந்து நின்றது. நடுங்கிக்கொண்டே முன்னங்காலை அவள் முழங்கால்மேல் வைத்தது. கண் சட்டையின் மேலேயே இருந்தது. ஒரு வலி வந்து அதன் முதுகு வளைந்தது, அது படுக்கவில்லை.

"அக்கா" என்றாள் தங்கச்சி.

"குடுக்க மாட்டேன்டி."

இதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாசற்படியில் சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். பிரசவத்தில் என்னென்ன வரும், அது துணியில் எப்படி ஊறும், ஊறினால் முதலில் எந்த வாசனை போகும் என்பது அந்தத் தெருவில் அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? இப்போது விட்டால் ஒரு மணி நேரத்தில் அவர் இதிலிருந்து போய்விடுவார். இந்தத் தடவை நன்றாகத் தெரிந்தே அனுப்ப வேண்டும்.

நாய் இரண்டாவது காலையும் தூக்கி வைத்தது. மூக்கு நுனி சட்டைக்கையைத் தொட்டது. இதுவும் அறுபத்திரண்டு நாளாக ஆறு மணிக்குக் கதவருகில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இதற்கு யார் துக்கம் கேட்டார்கள்? அக்காவும் கேட்கவில்லை.

அவள் பெட்டிக்குள்ளிருந்த வெள்ளை விரிப்புகளை அள்ளி வெளியே போட்டாள். சட்டையை மடிக்காமல், கையை இரண்டு பக்கமும் விரித்து, முழுசாகப் பரப்பினாள்.

"வா" என்றாள். "அவருதான். வா."

ஃபியூஸ் தாழ்ந்த பக்கமாகத் தாண்டி உள்ளே போனது. முகர்ந்தது. முன்னங்காலால் சட்டையைப் பிராண்டிச் சுருட்டி, மூன்று சுற்றுச் சுற்றி, கழுத்துப்பட்டையில் முகத்தை வைத்துப் படுத்தது. பெருமூச்சு ஒன்று விட்டது. நாலாவது முக்கலில் முதல் குட்டி வந்தது.

அதன் சவ்வுப் பையைத் தாயே கிழித்து, குட்டியை நக்கி எடுத்துக்கொண்டது. இரண்டாவது அரைமணி கழித்து, பையோடு வந்து அசையாமல் கிடந்தது. ஃபியூஸுக்குத் தலையைத் தூக்கத் தெம்பில்லை. அக்கா விரலால் பையைக் கிழித்தாள், மூக்கைத் துடைத்தாள், ஒரு டஜன் துண்டு அடுக்கியிருந்ததை மறந்து, கைக்குக் கிடைத்த சட்டைக்கையால் தேய்த்தாள். விரிப்பில் கறை தேய்க்கிற அதே தேய்ப்பு. ஆனால் கெஞ்சிக்கொண்டே தேய்த்தாள். "கத்துடா. கத்துடா சாமி." குட்டி வாயைத் திறந்து, கதவு கீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. வாசற்படியில் சம்பந்தி மூக்கைச் சிந்தினார். மூன்றாவது எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் ஐந்தரைக்கு வந்தது.

ஆறு மணிக்கு ஃபியூஸ் கதவருகில் போகவில்லை. மூன்றும் மடியில் தொங்க, கண்ணை மூடிப் படுத்திருந்தது. டாக்டரம்மா போனில் காய்ச்சல் கேட்டாள், மூச்சு கேட்டாள், நஞ்சுக்கொடி மூன்றும் விழுந்ததா என்று கேட்டாள். "பிழைச்சுடுச்சு அம்மா, இனிமே பயமில்ல" என்றாள். சட்டை அடையாளம் தெரியாமல் ஊறிக் கிடந்தது.

"எடுத்துட்டு வேற போடட்டா?" என்றாள் தங்கச்சி.

"ரெண்டு நாள் இருக்கட்டும்."

லாண்டரி அக்கா ரத்தம் பட்ட துணியை இரண்டு நாள் இருக்கட்டும் என்றது வரலாற்றில் அதுதான் முதல் தடவை. தங்கச்சி கையிலெடுத்த வெள்ளை விரிப்பைப் பெட்டிக்குள் சட்டைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

மூன்றாம் நாள் காலை ஃபியூஸ் தானாகவே வெள்ளை விரிப்பில் நகர்ந்து படுத்தது. அக்கா சட்டையை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். ரத்தம், பால், குட்டி மூத்திரம். வார்னிஷ் இல்லை. கழுத்துப்பட்டையிலும் இல்லை. பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு குளியலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

நானூறு விரிப்பு பார்க்கிறவளுக்கு ஒரு சட்டை என்ன நேரம் பிடிக்கும்? ஒரு கையை அலசினாள். மற்ற கையை அலசினாள். பட்டனைச் சுற்றித் தேய்த்தாள். சட்டைப் பையின் அடியில் செம்புக்கம்பித் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அப்போது ஆரம்பித்தது அழுகை. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, தண்ணீரில் கையை விட்டபடியே அழுதாள். நிறுத்தவும் வரவில்லை, நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க வந்த தங்கச்சி, உள்ளே சத்தம் கேட்டுக் குளியலறைக் கதவோரம் நின்றாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"என்னக்கா, ஒரு சட்டைக்கு இவ்வளவு நேரமா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது, கண்ணிலிருந்தும்.

"அவரு சட்டைடி" என்றாள்.